நாலு கட்டத்தில் ஒரு படவு

ஒரு வகுப்பு சத்தம் போட்டால் எனக்குக் கோபம் வரும். சத்தமே போடாவிட்டால் சந்தேகம் வரும். கோபத்தைப் பிரம்பால் தீர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும் போலிருந்தது. முப்பது பிள்ளைகள் உள்ளே இருக்கின்றன, வாத்தியாரும் இருக்கிறார், பாடம் நடத்துகிற சத்தமும் இல்லை, அடி விழுகிற சத்தமும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

சுவருக்குச் சுவர் வலை பின்னுகிற நூலைக் கட்டி, துணி காயப்போட்ட மாதிரி புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தான் அந்த வாத்தியார், சேகர். எல்லாம் காமிக்ஸ். முகமூடிக்காரனும் குதிரையும் துப்பாக்கியும். இரண்டிரண்டு பிள்ளைகளாக ஒரு புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தன. சேகர் மேஜைமேல் உட்கார்ந்து தானும் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறிற்று.

"இன்னாய்யா இது? பள்ளிக்கூடமா, பழைய பேப்பர் கடையா?"

"படிக்கிறாங்க சார்," என்றான், மேஜையை விட்டு இறங்கி.

"எதை?"

"எதையோ சார். போன மாசம் வரைக்கும் எழுத்துன்னா ஓடிப்போன பசங்க. இப்ப அடுத்த கட்டத்துல இன்னா ஆவுதுன்னு தெரிஞ்சிக்கணும்னு தானா எழுத்துக் கூட்டுறாங்க."

அது எழுபத்து மூன்றாம் வருஷம். பழவேற்காடு ஏரிக்கரையில் கருந்திட்டுக்குப்பம் என்கிற மீனவர் குப்பத்தில், இரண்டு அறையும் ஒரு சமையல் கொட்டகையும் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு நான் தலைமை ஆசிரியன். பூவராகவன் என்று பெயர். மீஞ்சூரிலிருந்து ரயில், பொன்னேரியிலிருந்து பஸ், அதற்கப்புறம் படவு. எங்கள் குடும்பம் நெல் போடுகிற குடும்பம். தண்ணீர் என்றால் வரப்புக்குள் அடங்கி நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள். இந்த ஏரியும் எனக்குப் பிடிக்காது, தினமும் அதில் ஏறி இறங்குவதும் பிடிக்காது. சேகர் எனக்கு உதவி ஆசிரியனாக அந்த ஜூன் மாதம்தான் திருவள்ளூரிலிருந்து வந்திருந்தான். ஒரு பெட்டி துணிமணிக்கு மூன்று பெட்டி காமிக்ஸ் கொண்டு வந்தவன்.

நான் திட்டுவேன் என்று தெரிந்து பதிலைத் தயாராக வைத்திருந்தான். "கோயில் மண்டபத்து விதானத்துல வரிசையா கதையைப் படமா எழுதி வச்சுக்கீறாங்களே, அது யாருக்கு சார்? எழுத்துத் தெரியாத ஜனங்களுக்குத்தானே? அதையேதான் வெளிநாட்டுப் பேப்பர்காரன் கட்டம் கட்டமா போட்டான். சண்டை நேரத்துல பட்டாளத்துக்காரனுக்கு வண்டி எஞ்சினை எப்படித் தொடைக்கணும்னு காமிக்ஸ் போட்டுத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் அவங்களே, பசங்க கெட்டுப்போறாங்கன்னு ஊர் ஊரா குவிச்சுக் கொளுத்தவும் செஞ்சாங்க."

"கொளுத்தினவன் புத்திசாலி," என்றேன்.

படித்தவன் சாக்குச் சொன்னால் அதில் சரித்திரம் இருக்கும். நான் அதற்கெல்லாம் மசிகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒன்றை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். எங்கள் சமையல்காரி சின்னப்பொண்ணுவின் மகள் ரத்னா. முகமூடிக்காரன் பாலத்திலிருந்து குதிக்கிற பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். ஆடிக் காற்றில் பாதி வகுப்பு காலியாகக் கிடக்கிற பள்ளிக்கூடத்தில் முப்பது பேர் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அதனால் கொளுத்தவில்லை. அவ்வளவுதான்.

அதோடு என் சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை, இடம் மாறிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேகர் சமையல் கொட்டகையை விட்டு நகருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். அங்கே கோதுமை உப்புமா கிண்டுகிறவள் சின்னப்பொண்ணு. முப்பது வயது இருக்கும். புருஷன் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷம். இவன் கல்யாணம் ஆகாதவன். கையில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு இவன் பேசுவதும், கரண்டியைப் பிடித்தபடி அவள் குனிந்து பார்ப்பதும் எனக்கு நன்றாகப் படவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா? கொட்டகையில் நெருப்பும் இருந்தது, புகையும் இருந்தது. நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சின்னப்பொண்ணுக்கு அப்போது வேறு கவலை இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் எறா, அதாவது இறால், பிடிக்கக் கழி நட்டு வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு பேர் வீதம் சீட்டு எழுதிப் போட்டு, எந்தப் பிறைக்கு எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஆவணி முதல் வெள்ளியில், அம்மன் கோயிலில் முடிவு செய்வார்கள். உன் முறையன்று உன் படவு மட்டும்தான் போக வேண்டும். வெளிப் படவைக் கூட்டி வந்தால், உன் படவையும் சேர்த்து, ஒரு படவுக்கு ஒரு வலை என்று ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏர்மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதற்குச் சமம் அது.

சின்னப்பொண்ணு வீட்டுக்கு ஒற்றைப்பனைப் பாட்டில் மூன்றாம் பிறை முறை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டில் ஒரே ஒரு பனை சாய்ந்து நிற்கும், அதற்குக் கீழே. நல்ல பாடு என்று ஊரே சொல்லும். புருஷன் போனபிறகு அவள் பேருக்கு அவனுடைய அண்ணன் அருணாச்சலம் வலை கட்டினான். வந்ததில் பாதி அவளுக்கு. ஐந்து வருஷமாக அந்தப் பாதி ஒரு கூடையின் அடியைக்கூட மூடவில்லை. "எறா ஓடலம்மா, நா இன்னா பண்றது?" என்று கையை விரித்துவிடுவான். ஆனால் மறுநாள் காலையில் வியாபாரியின் கூடைகள் நிரம்பிப் போவதை அவள் கரையிலிருந்து பார்ப்பாள். அவன் வெளியூர் எறா வியாபாரியின் படவுகளை உள்ளே விடுகிறான் என்று அவளுக்குச் சந்தேகம். ஊர்த் தலைவர் மணவாள நாட்டாரிடம் போய்ச் சொன்னாள். "கண்ணால பாத்தியா? யார் படவு? எத்தினி படவு?" என்று கேட்டார். படவு எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகள் பாட்டுப் பக்கம் போகிற வழக்கம் இல்லை.

இந்த வருஷம் அருணாச்சலம் ஒருபடி மேலே போனான். அந்த முறையில் எறாவே வருவதில்லை, அவளுக்கோ ஆண்பிள்ளையும் இல்லை, அதனால் சீட்டிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டு அந்த முறையைத் தன் பேரோடு சேர்த்துவிட வேண்டும் என்று நாட்டாரிடம் கேட்டிருந்தான். நாட்டாரும் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் யோசிக்கலாம் என்றால் முடிந்தது என்று அர்த்தம். பேர் போனால் போனதுதான், திரும்ப ஏறாது. சின்னப்பொண்ணுக்கு மிஞ்சுவது எங்கள் கொட்டகைக் கரண்டி மட்டும்.

இந்த நேரத்தில் சேகருக்கு ஒரு யோசனை வந்தது. சுதந்திர தினத்துக்குப் பெற்றோர்களைக் கூப்பிட்டு, அவர்கள் பார்க்கிற மாதிரி பெரிய படக்கதை ஒன்றை வரைந்து மாட்டலாம் என்றான். "குதிரையும் துப்பாக்கியும் இவங்களுக்கு இன்னா தெரியும் சார்? எறா பிடிக்கிற கதையே போடலாம். ஒரு ஆள் கெளம்பறான், வலை கட்டறான், காத்துக்கினு கீறான், வலைய வலிச்சு இழுக்கிறான். கீழ ஒவ்வொரு வரி. பசங்க வாசிச்சுக் காட்டட்டும்."

எனக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

இரண்டு வாரம் வரைந்தான். நாலு சார்ட் பேப்பரை ஒட்டி ஒரே நீளமாக்கி, நடுநடுவே கறுப்பில் நெட்டுக்குத்தாகக் கோடு போட்டு நாலு கட்டம். கட்டத்துக்கு ஒரு படவு, படவில் சிவப்புத் தலைப்பாகைக்காரன். பின்னால் சாய்ந்த பனை. மேலே பிறை. அந்தப் பிறையை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு நாலு கட்டத்திலும் ஒரே இடத்தில் அழுத்திச் சாயம் பூசிவிட்டான். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சார்ட்டை வெளிச் சுவரில் மாட்டினோம். ஊர் முழுக்க வந்திருந்தது. பிள்ளைகள் வாசிப்பதற்கு முன்னாலேயே ஆண்கள் எல்லாரும் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். சிரிப்பு இருக்கும், கிண்டல் இருக்கும் என்று நினைத்தேன். ஒருத்தரும் பேசவில்லை. வகுப்பில் கேட்ட அதே அமைதி.

நாட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். சேகரைக் கூப்பிட்டார்.

"சின்ன சார், இது ஒத்தப்பனைதானே?"

"ஆமாங்க நாட்டாரே," என்றான் சேகர். அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வரைந்தவனுக்கு, அடையாளம் கண்டுகொண்டார்களே என்று இருக்காதா?

"பெறை, மூணாம் பெறைதானே?"

"கரெக்டுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று. யாரோ, "சின்னப்பொண்ணு மொறை," என்றார்கள். பூவம்மாள் என்கிற அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நாட்டார் விரலால் அந்தக் கறுப்புக் கோடுகளைத் தொட்டார். "கழி நட்டுக்கீது. கழிக்குக் கழி நடுவுல ஒவ்வொரு படவு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒரு மொறையில நாலு படவு!"

சேகரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஐயோ, அது கழி இல்லீங்க, கட்டம். படவு ஒண்ணுதான். இங்க கெளம்புது, இங்க வலை கட்டுறாரு, இங்க காத்துக்கினு கீறாரு, இங்க வலிக்கிறாரு. எல்லாம் ஒரே ஆளு."

"ஒரே ஆளு எப்டி சார் நாலு எடத்துல நிப்பான்?"

"வேற வேற நேரங்க."

"வேற நேரம்னா பெறை எறங்கியிருக்கணுமே? நாலுலயும் ஒரே ஒசரத்துல நிக்கிது பாருங்க. நேரம் ஒண்ணு. நேரம் ஒண்ணுன்னா படவு நாலு."

நான் படத்தைப் பார்த்தேன். அந்த மனுஷர் சொல்வதில் எனக்கே தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு அட்டைப் பிறை செய்த வேலை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "ஒரே படவுதான்! ஒரே படவுதான்!" என்று கத்தின. "வாய மூடுங்கடா, பெரியவங்க பேசிக்கினு இருக்கறப்ப," என்று நாலைந்து தகப்பன்மார்கள் அதட்டினார்கள். அந்த ஊரில் படக்கதை படிக்கத் தெரிந்தவர்கள் முப்பது பேர், முப்பது பேரும் இடுப்பு உயரம். அவர்கள் பேச்சு எங்கே எடுபடும்?

"ஒண்ணுதாங்க, சத்தியமா ஒண்ணுதாங்க," என்று சேகர் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கும்பிடக் கும்பிட அவர்களுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று.

"சாரு பயப்படறாரு," என்றார் நாட்டார். "பாத்ததப் போட்டுட்டு இப்ப பயப்படறாரு." திரும்பி அருணாச்சலத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, உந்தம்பி பொண்டாட்டி மொறைய நீதானே கட்டற?"

அருணாச்சலம் அலட்டிக்கொள்ளவில்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். "இன்னா நாட்டாரே, பசங்க பொம்மையப் பாத்துக்கினு நாயம் பேசறீங்க? நா வேணா கல்பூரம் அணைக்கறேன், கொண்டாரச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பேச்சு முடிந்தது. அவன் கேட்ட தினுசைப் பார்த்தால் இதற்கு முன்னால் நாலைந்து தடவை அணைத்தவன் மாதிரி இருந்தது. அவன் அணைத்துவிட்டால் பொய்யன் பட்டம் சேகருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை வராது. சின்னப்பொண்ணு பேரும் வெள்ளிக்கிழமைச் சீட்டிலிருந்து போய்விடும்.

ஆனால் நாட்டார் சூடாகிவிட்டார். "பொம்மைன்னா பொம்மைல எதுக்கு ஒத்தப்பனை? எதுக்கு மூணாம் பெறை? கவுருமெண்டு பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒரு வாத்தியாரு சும்மா மாட்டுவாரா? கல்பூரம் அப்பால. படவுக்கு ஒரு வலை. நாலு படவு, நாலு வலை. டேய், யாராவது போய் அருணாச்சலம் ஊட்ல நாலு வலைய எட்த்தாங்கடா!"

இரண்டு வாலிபர்கள் கிளம்பினார்கள். அருணாச்சலத்தின் சிரிப்பு நின்றது. வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினான். முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"இன்னா நாலு? எவன் சொன்னான் நாலுன்னு?" என்று கத்திக்கொண்டே படத்துக்குப் போய் கடைசிக் கட்டத்தில் ஓங்கி அறைந்தான். "இது எங்கேந்து வந்துச்சு? இந்த வாத்தியாரு கண்ணுல இன்னா மண்ணா? வந்தது மூணு படவு! மூணே மூணு! அதுக்கு மேல ஒண்ணு வந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும், அவன் நாக்க அறுத்துடறேன்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

கடற்காற்றில் சார்ட் பேப்பர் படபடவென்று அடித்துக்கொண்டது. கிளம்பிய வாலிபர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். நாட்டார் வாலிபர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அப்டின்னா மூணு வலையே எட்த்தாங்கடா. நாயம் நாயமாத்தான் இருக்கணும்."

அந்தக் கூட்டத்தில் ஆச்சரியப்படாத முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கொட்டகை வாசலில் மிட்டாய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பொண்ணுவின் முகம். அவள் படத்தைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அருணாச்சலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றிற்று. தோன்றிவிட்டால் நான் விடுகிறவனா?

வெள்ளிக்கிழமை சீட்டுப் போட்டார்கள். சின்னப்பொண்ணு பேர் இருந்தது. அவளுடைய முறையை இனிமேல் பூவம்மாளின் புருஷன் கட்டுவது என்று அவளே சொன்னாள், ஊரும் ஒப்புக்கொண்டது. அருணாச்சலம் கோயில் பக்கமே வரவில்லை.

சேகர் கதிதான் மோசம். யாரும் அவனைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. அவன் கரைப்பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். எந்நேரமும் மறைந்து நின்று ஏரியை வேவு பார்க்கிறான் என்று நம்பிவிட்டார்கள். ஏரிக்குப் போகிறவனும் வருகிறவனும் பள்ளிக்கூட ஜன்னலில் தலையை நீட்டி, "சின்ன சாரு இப்ப இன்னா வரையறாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அடுத்து யாரைப் போடப்போகிறானோ என்ற பயத்தில் பிள்ளைகளை ஒரு நாள் தவறாமல் அனுப்பினார்கள். காமிக்ஸால் கல்வி வளரும் என்று இவன் சொன்னது இப்படி ஒரு வழியில் பலித்தது.

"ஒரே படவுதான் சார்," என்று என்னிடம் வந்து புலம்பினான். "நீங்களாவது நம்புங்க."

நான் கதவைச் சாத்தினேன். "உக்காருய்யா. உண்மையைச் சொல்லு. ஒற்றைப்பனையை யார் போடச் சொன்னது?"

"அக்காதான் சார். சின்னப்பொண்ணக்கா. பின்னாடி வெறும் தண்ணியா இருந்தா நல்லா இல்ல, அந்தப் பனைய வைங்க சார்னாங்க."

"மூன்றாம் பிறை?"

"அதுவும் அக்காதான். நான் முழு நிலா போட்டேன், அப்பளம் மாதிரி கீதுன்னாங்க. கட்டம்கூட நான் ஆறு போடறதாத்தான் இருந்தேன் சார். நாலு போதும்னு அவங்கதான் சொன்னாங்க. இந்த ஊர்ல பெரியவங்கள்ல காமிக்ஸ் படிக்கிறவங்க அவங்க ஒருத்தங்கதானே, சொன்னா சரியா இருக்கும்னு..." பாதியில் நிறுத்திவிட்டான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. இவ்வளவு நாளும் அவனுக்கு அது உறைக்கவில்லை. சரித்திரம் படித்தவன்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். சின்னப்பொண்ணு அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பனையும் பிறையும் நீ சொன்னதாமே?"

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா பெரிய சார்."

பொய் சொல்வாள், மழுப்புவாள், அழுவாள் என்று மூன்றுக்கும் தயாராகப் போனவன் நான். ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் என்ன கேட்பது?

"ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், தெரியுமா?"

"யாரு சொல்லுவாங்க? நீங்க சொன்னா நம்புவாங்களா சார்? ஒரே படவுதான்னு சின்ன சாரு தொண்ட கிழியக் கத்துனாரே, நம்புனாங்களா?" அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நானும் மொதல்ல அப்டித்தான் பாத்தேன் சார். ரத்னா ஊட்டுக்கு ஒரு புக்கு எட்த்தாந்தா. ஒரு பக்கத்துல ஒம்பது முகமூடிக்காரன் இருந்தான். இத்தினி பேரு இன்னாத்துக்குடின்னு கேட்டேன். வுழுந்து வுழுந்து சிரிச்சா. அப்பால சின்ன சாரு கிட்ட கேட்டுக் கத்துக்கினேன். கத்துக்கினப்பதான் தோணிச்சு, எனக்கே ஒம்பது பேராத் தெரிஞ்சுதுன்னா இவங்களுக்கும் தெரியுமில்ல?"

"அந்தக் கறுப்புக் கோட்டைக் கழி என்று நினைப்பார்கள் என்றும் தெரியுமா? பிறை ஒரே உயரத்தில் இருப்பதும் உன் வேலைதானா?"

"அதெல்லாம் அம்மன் குடுத்தது சார். அது நா நெனைக்கவே இல்ல."

எனக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "வந்தது மூன்று படவு என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரெண்டோ, மூணோ. நாலு படவு அந்தப் பாட்டுல கொள்ளாது. எத்தினி வந்திருந்தாலும் அதுக்கு மேல ஒண்ணு இருக்கட்டும்னுதான் நாலு கட்டம் போடச் சொன்னேன்."

"ஏன்? சரியான கணக்கு தெரிந்திருந்தால் அதையே போட்டிருப்பாய், இல்லையா?"

"போட்டிருக்க மாட்டேன் சார்," என்றாள். கரண்டியை அண்டாமேல் ஓங்கி வைத்தாள். அவளுக்குக் கோபம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மூணுன்னு போட்டிருந்தா கல்பூரம் அணைச்சுட்டு ஊட்டுக்குப் போயிருப்பாரு. எங்க மச்சாண்டாரப் பத்தி எனக்குத் தெரியாதா? பண்ணத இல்லன்னு சொல்றதுக்கு அவுருக்குக் கை நடுங்காது. பண்ணாத ஒண்ண அவுரு தலையில கட்டுனாத்தான் அவுருக்கு எரியும். அநியாயம் சார் அது, அவுரால ஒரு நிமிசம்கூடத் தாங்க முடியல. நா அஞ்சு வருசம் தாங்கினேன்."